பட்டா முதல் பிறப்புச் சான்று வரை: அரசுப் பதிவேடுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊரில் யாருக்காவது பட்டாவிலோ பத்திரத்திலோ சிக்கல் என்றால் ஒரு மஞ்சப்பையோடு எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வருவார்கள். நான் வக்கீல் இல்லை. எங்கள் குடும்ப நிலத்துக்காக அலைந்தபோது கற்றுக்கொண்டதைத்தான் அவர்களுக்குச் சொல்கிறேன். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் பதில்களையும் இங்கே எழுதி வைத்திருக்கிறேன். எல்லாம் தமிழ்நாட்டு நடைமுறை.

பட்டா இருந்தால் நிலம் நம்முடையது என்றுதானே அர்த்தம்?

மஞ்சப்பையிலிருந்து முதலில் வெளியே வரும் கேள்வி இதுதான். இல்லை. பட்டாவும் பத்திரமும் இரண்டு வேறு துறைகளின் தாள்கள். பத்திரம் பதிவுத்துறையுடையது. கிரயமோ, தான செட்டில்மென்டோ, பாகப்பிரிவினையோ, நிலம் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு எப்படி வந்தது என்பதை அது சொல்லும். பட்டா வருவாய்த்துறையுடையது. இந்த நிலத்துக்குத் தீர்வை (நிலவரி) யாரிடம் வசூலிப்பது என்பதற்காக அரசு வைத்திருக்கும் கணக்கிலிருந்து வருவது. பட்டாவில் பெயர் ஏறியதால் மட்டும் ஒருவருக்கு உரிமை வந்துவிடாது, பெயர் விட்டுப்போனதால் இருக்கும் உரிமை போய்விடாது என்று உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது.

அதற்காகப் பட்டாவை அலட்சியம் செய்துவிடாதீர்கள். பத்திரத்தைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டுப் பட்டா மாற்றாமல் இருப்பவர்கள் எங்கள் ஊரிலேயே நிறையப் பேர் உண்டு. பழைய உரிமையாளர் பெயரில் பட்டா தொடர்ந்தால், அவர் பிள்ளைகள் அதைக் காட்டி நிலத்தை இன்னொரு முறை விற்க முயல்வதும் நடக்கிறது. விற்பவர் பெயரிலேயே பட்டா இருந்து, உட்பிரிவும் தேவைப்படாவிட்டால், பத்திரம் பதிவானதும் பட்டா தானாக மாறும் ஏற்பாடு இப்போது இருக்கிறது. ஆனாலும் மாறிவிட்டதா என்று நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள். நிலத்தைப் பிரித்து வாங்கியிருந்தால் சர்வேயர் அளந்து உட்பிரிவு செய்த பிறகுதான் தனிப்பட்டா. அதுவரை கூட்டுப் பட்டாதான்.

சிட்டாவில் ‘0 - 40.50’ என்று இருக்கிறது. இது எவ்வளவு நிலம்?

ஏறத்தாழ ஒரு ஏக்கர். யாருக்கு எவ்வளவு நிலம் என்று காட்டும் வருவாய்த்துறைக் கணக்குதான் சிட்டா. கோட்டுக்கு முன்னால் இருப்பது ஹெக்டேர், பின்னால் இருப்பது ஏர்ஸ். ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர், அதாவது 2.47 சென்ட். 40.50-ஐ 2.47-ஆல் பெருக்கினால் 100 சென்ட் வருகிறது. ஒரு சென்ட் 435.6 சதுர அடி, ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி. இந்த மூன்று எண்களும் மனதில் இருந்தால் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது. பத்திரத்தில் ஏக்கர் சென்ட், சிட்டாவில் ஹெக்டேர் ஏர்ஸ் என்று இருப்பதால் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்காமலேயே கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். ஐந்து நிமிடக் கணக்கு. போட்டுப் பாருங்கள்.

முன்பு பட்டா தனியாகவும் சிட்டா தனியாகவும் இருந்தன. இப்போது இரண்டும் ஒரே தாளில் வருகின்றன. நன்செய், புன்செய் என்ற பகுப்பும், தீர்வைத் தொகையும், சர்வே எண்ணும், உட்பிரிவு எண்ணும் அதிலேயே இருக்கும்.

அப்படியானால் அடங்கல் எதற்கு?

நிலத்தில் இந்த ஆண்டு என்ன பயிர், யார் பயிர் செய்கிறார் என்பதைச் சொல்வது அடங்கல். கிராமக் கணக்கு எண் 2. பயிர்க்கடன், பயிர்க் காப்பீடு, நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல் போடுவது எல்லாவற்றுக்கும் இதைக் கேட்பார்கள். அதில் ஆண்டு பசலியில் இருக்கும். பயப்பட வேண்டாம், அக்பர் காலத்தில் வந்த அறுவடைக் கணக்கு அது. ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடியும். பசலி தொடங்கும் ஆங்கில ஆண்டில் 590-ஐக் கழித்தால் பசலி எண். 2024 ஜூலையில் தொடங்கியது 1434-ஆம் பசலி.

‘அ’ பதிவேடு, புலப்படம் என்கிறார்களே?

என்னைக் கேட்டால் கிராமக் கணக்குகளில் அதிகம் படிக்க வேண்டியது ‘அ’ பதிவேடுதான். ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு வரி. பழைய எண் என்ன, ரயத்துவாரி (தனியார் பட்டா) நிலமா, சர்க்கார் புறம்போக்கா, நன்செயா, புன்செயா, மண் வயனம் (மண்ணின் வகை) என்ன, எவ்வளவு தீர்வை, பட்டாதாரர் யார் என்று வரிசையாகக் கட்டங்கள் போகும். கடைசியில் ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம் உண்டு. முதலில் அதைப் படியுங்கள். ஓடைப் புறம்போக்கு, மேய்க்கால், வண்டிப்பாதை, களம், மயானம் எல்லாம் இந்தப் பதிவேட்டில்தான் தெரியும். தரகர் ‘பட்டா வாங்கிடலாம் சார்’ என்று சொல்லும் இடம் உண்மையில் ஓடையா என்பதை ‘அ’ பதிவேடு ஒரு வரியில் சொல்லிவிடும். கோயில் நிலமும் இதில் தெய்வத்தின் பெயரிலேயே இருக்கும்.

புலப்படம் என்பது சர்வே எண்ணின் வரைபடம். ஒரு கல்லிலிருந்து இன்னொரு கல்லுக்கு எத்தனை மீட்டர் என்று அதில் இருக்கும். வரப்புத் தகராறு வந்தால் பஞ்சாயத்துக்குப் போகும் முன்பு இந்தப் படத்தை எடுத்துக்கொண்டு இரண்டு வீட்டாரும் வயலுக்குப் போங்கள். கல் இருக்கும் இடம் தெரிந்ததும் பாதிச் சண்டை அடங்கிவிடுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கல் காணாமல் போயிருந்தால் பணம் கட்டி சர்வேயரைக் கொண்டு அளக்கலாம்.

நகரப் பகுதியில் இவற்றுக்குப் பதிலாக நகர நிலஅளவைப் பதிவேடு இருக்கும். கிராமத்துக் குடியிருப்பு மனைகள் நத்தம் கணக்கில் இருக்கும். அதனால்தான் வீட்டுமனைக்குச் சிட்டா தேடினால் கிடைக்காமல் குழம்புகிறோம்.

வில்லங்கம் போட்டுப் பார்த்தேன், எதுவும் இல்லை என்று வந்துவிட்டது. தைரியமாக வாங்கலாமா?

வாங்கலாம் என்று நான் சொல்லமாட்டேன். வில்லங்கச் சான்று என்பது, நீங்கள் கேட்ட சர்வே எண்ணில், நீங்கள் கேட்ட காலத்துக்குள், அந்தச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான பத்திரங்களின் பட்டியல். இதில் ஒவ்வொரு சொல்லும் ஒரு வரம்பு.

முதலாவது சர்வே எண். பழைய பத்திரங்களில் பழைய சர்வே எண்தான் இருக்கும். புது எண்ணை மட்டும் போட்டுத் தேடினால் பழைய அடமானம் கண்ணில் படாது. பழைய எண், புது எண், உட்பிரிவு இல்லாத முழு எண் என்று எல்லாவற்றையும் போட்டுத் தேட வேண்டும்.

இரண்டாவது காலம். வங்கிகள் பொதுவாக 30 ஆண்டு வில்லங்கம் கேட்கும். அடமானம் வைத்தவர் அதை மீட்க வழக்குப் போட 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் 30 ஆண்டு கொடுக்கிறது. இணையத்தில் பெரும்பாலும் 1975-க்குப் பிந்தையவை கிடைக்கும். அதற்கு முன்னால் வேண்டுமென்றால் அலுவலகத்தில் மனுப் போட்டுக் கைப்பட எழுதிய அட்டவணைப் புத்தகங்களில் தேடச் சொல்ல வேண்டும். சில நாள் ஆகும். நிலம் பெரிதென்றால் அந்தச் சில நாளைச் செலவிடுங்கள்.

மூன்றாவது, பதிவானவை மட்டும். உயில் பதிவாகியிருந்தாலும் வில்லங்கத்தில் வராது, அது தனிப் புத்தகம். பதியாத ஒப்பந்தமும், வாய்மொழிக் குத்தகையும், வரி பாக்கியும் வராது. நிலத்தின் மேல் வழக்கு நடப்பது பெரும்பாலும் அதில் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் அந்த மாவட்ட நீதிமன்றங்களைத் தேர்ந்தெடுத்து, விற்பவர் பெயரை ஆண்டு வாரியாகப் போட்டுத் தேடலாம். காசு கிடையாது. இந்த வசதி இருப்பது தெரியாமலேயே பலர் ஆயுள் சேமிப்பைக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம்.

வில்லங்கத்தில் வராத இன்னொன்று, கையெழுத்துப் போடாத வாரிசு. அப்பா இறந்தபின் அண்ணன் தம்பிகள் மட்டும் சேர்ந்து விற்றிருப்பார்கள். சகோதரிகளின் பெயரே இருக்காது. தமிழ்நாட்டில் 1989-லேயே மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பங்கு தரும் திருத்தம் வந்துவிட்டது, 2005-ல் நாடு முழுக்க வந்தது. எனவே வில்லங்கத்தோடு வாரிசுச் சான்றிதழையும் வாங்கி, அதிலுள்ள ஒவ்வொரு பெயரும் பத்திரத்தில் இருக்கிறதா என்று சரிபாருங்கள்.

என் நிலத்தின் விவரத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாமா? இது சரியா?

பார்க்கலாம். 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம், 57-ஆம் பிரிவு, அசையாச் சொத்துப் பத்திரங்கள் இருக்கும் 1-ஆம் புத்தகத்தை யார் கேட்டாலும் கட்டணம் வாங்கிக்கொண்டு காட்ட வேண்டும், நகலும் தர வேண்டும் என்கிறது. உயில்கள் இருக்கும் 3-ஆம் புத்தகம் அப்படியில்லை. எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கோ அவருடைய முகவருக்கோதான் நகல் கிடைக்கும், அவர் காலத்துக்குப் பிறகுதான் மற்றவர்களுக்கு.

இது சரியா என்று கேட்டால், சரி என்பதுதான் என் எண்ணம். நான் வாங்கப்போகும் மனையை நேற்று இன்னொருவருக்கு எழுதிக் கொடுத்திருந்தால் அதைத் தெரிந்துகொள்ள எனக்கு வேறு வழி ஏது? பதிவு என்பதே ஊரறியச் செய்வதற்காக வந்ததுதான்.

மூலப் பத்திரம் தொலைந்துவிட்டது. நிலமே போய்விடுமா?

போகாது. பதிவான பத்திரத்தின் நகல் சார்பதிவாளர் அலுவலகத்திலேயே இருக்கிறது. ஆவண எண்ணும் ஆண்டும் தெரிந்தால் சான்றிட்ட நகல் வாங்கலாம். தெரியாவிட்டால் வில்லங்கம் போட்டால் தெரிந்துவிடும். வங்கிக்கோ விற்பதற்கோ என்றால், காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, தேடியும் கிடைக்கவில்லை என்ற சான்றும், நாளிதழ் விளம்பரமும் கூடுதலாகக் கேட்பார்கள்.

தாத்தா பெயரில் இருந்த நிலம் இப்போது யாரோ ஒருவர் பெயரில் இருக்கிறது. எப்படி?

பல குடும்பங்களில் இதற்குக் காரணம் ‘யூடிஆர்’. 1979 முதல் 1987 வரை தமிழ்நாடு முழுக்க நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம். ஊர் ஊராகப் போய், நிலம் யார் அனுபவத்தில் இருக்கிறது என்று விசாரித்துப் புதுக் கணக்கு எழுதினார்கள். இன்று கணினியில் நாம் பார்க்கும் கணக்கின் வேர் அதுதான். அதே காலத்தில், 1980-ல், ஊர்க் கணக்கும் வரி வசூலும் பார்த்துவந்த பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகளும் ஒழிக்கப்பட்டன. மாபெரும் வேலை. பிழைகளும் விழுந்தன. ஊரில் இல்லாதவர்களின் பெயர் விட்டுப்போனது. அண்ணன் தம்பி நிலம் ஒருவர் பெயரில் ஏறியது. பக்கத்து எண்கள் மாறிப்போயின.

எங்கள் வீட்டில் நடந்ததும் அதுதான். தாத்தாவும் அவர் தம்பியும் ஆளுக்குப் பாதி உழுத புன்செய், யூடிஆரில் தம்பி பெயரில் மட்டும் ஏறிவிட்டது. இருவரும் இருந்தவரை யாருக்கும் இது தெரியாது, தெரிந்திருந்தாலும் கவலைப்பட்டிருக்கமாட்டார்கள். பேரன்கள் காலத்தில் கடன் வாங்கப் போனபோதுதான் வெளிச்சத்துக்கு வந்தது. கேட்ட இடத்தில் எல்லாம் ‘கணினியில் இப்படித்தான் இருக்கிறது’ என்ற ஒரே பதில். கடைசியில் எங்களைக் காப்பாற்றியவை இரண்டு. ஒன்று, யூடிஆருக்கு முந்தைய ‘அ’ பதிவேட்டின் நகல். இரண்டாவது, பாட்டி அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஒரு தகரப் பெட்டியில் போட்டு வைத்திருந்த கிஸ்து (நிலவரி) ரசீதுகள். பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் சர்க்கார் சீல் இருக்கும் தாள் எதையும் அவர் தூக்கிப் போட்டதில்லை.

உங்களுக்கும் இப்படி என்றால், பழைய ‘அ’ பதிவேட்டையும், பழைய எண்ணையும் புது எண்ணையும் இணைத்துக் காட்டும் தொடர்புப் பதிவேட்டையும், பழைய பத்திரங்களையும் சேர்த்து மனுக் கொடுங்கள். யூடிஆர் பிழைத் திருத்தம் தாசில்தாருக்கும் மேலே, கோட்டாட்சியர் அல்லது மாவட்ட வருவாய் அலுவலர் வரை போகும். எதிர்த்தரப்பு உரிமையையே மறுத்தால் சிவில் நீதிமன்றம்தான் வழி. பழைய கணக்கு தாலுகா பதிவறையில் இல்லையென்றால் மாவட்ட ஆட்சியர் அலுவலகப் பதிவறையில் தேடச் சொல்லுங்கள். இன்னும் பழையவை சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கக்கூடும். 1909-ல் கட்டி முடித்த சிவப்புக் கட்டடம் அது.

பழைய பதிவேடுகளால் ஏழைக்கு என்ன பயன்? அதெல்லாம் நிலம் வைத்திருப்பவர்களுக்குத்தானே?

பஞ்சமி நிலத்தை நினைத்துப் பாருங்கள். செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர், 1891-ல் பறையர் மக்களின் நிலையை எழுதி அரசுக்கு அறிக்கை அனுப்பினார். அதைத் தொடர்ந்து 1892 செப்டம்பர் 30-ல் அரசாணை பிறந்தது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒப்படைக்கப்பட்டது. முதல் பத்தாண்டுகளுக்கு அதை யாருக்கும் விற்கக் கூடாது, அதன் பிறகும் அதே மக்களுக்குள்தான் கைமாற வேண்டும் என்று நிபந்தனை. பின்னாளில் அதில் பெரும்பகுதி பிறர் கைக்குப் போய்விட்டது. இன்று அந்த நிலங்களை மீட்கப் போராடுபவர்கள் கையில் இருக்கும் முதல் ஆயுதம், பழைய பதிவேட்டில் அந்தச் சர்வே எண்ணுக்கு எதிரே இருக்கும் சிறு குறிப்பு. இப்போதைய கணக்கில் அது மறைந்திருக்கலாம். பழைய புத்தகத்தில் மை அப்படியே இருக்கிறது. நிலம் இல்லாதவருக்குத்தான் பழைய பதிவேடு இன்னும் அதிகமாகத் தேவை.

பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயர் இல்லை. சேர்க்க முடியுமா?

முடியும். பதிவு நடந்திருந்தால் 15 ஆண்டுகள் வரை பெயர் சேர்க்கலாம். தள்ளிப்போடாதீர்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், அரசு வேலை எல்லாவற்றிலும் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றுதான் ஆதாரம் என்று சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது.

பதிவே செய்யவில்லை என்றால் 21 நாளுக்குள் இலவசம், 30 நாள் வரை தாமதக் கட்டணம், ஓராண்டு வரை மேலதிகாரி அனுமதி, அதற்குமேல் நிர்வாக நடுவரின் ஆணை. வயதான பெற்றோருக்கு எடுக்க நினைப்பவர்கள், முதலில் பழைய பதிவேட்டில் தேடச் சொல்லிக் கேளுங்கள். 1969-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முன்பே, 1899 முதல், சென்னை மாகாணத்தில் பிறப்பு இறப்புப் பதிவுக்குச் சட்டம் இருந்தது. வீட்டில் பிரசவமானவர்கள் பெயரும் அதில் கிடைத்திருக்கிறது. பெரும்பாலும் ‘ஆண் குழந்தை’, ‘பெண் குழந்தை’ என்றுதான் எழுதியிருப்பார்கள். தந்தை பெயரை வைத்துத் தேட வேண்டும்.

பழைய வாக்காளர் பட்டியலால் என்ன பயன்?

2025 நவம்பரில் வாக்காளர் பட்டியலை முழுக்கச் சரிபார்க்கும் சிறப்புத் தீவிரத் திருத்தப் பணி தொடங்கியபோது எல்லாருக்கும் புரிந்தது. 2002, 2005 பட்டியல்களில் தங்கள் பெயரையோ பெற்றோர் பெயரையோ தேடி ஊரே அலைந்தது. வேறு ஊரில் குடியிருந்த காலம், பழைய தெருப் பெயர், கதவு எண் எல்லாம் நினைவில் இருந்தவர்களுக்கு எளிதாகக் கிடைத்தது. கிடைத்த பக்கத்தைப் பதிவிறக்கம் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். உருப்படியான பதில் வரவில்லை. எப்படிக் கேட்பது?

‘ஏன் பட்டா தரவில்லை?’ என்று கேட்டிருப்பீர்கள். காரணமும் விளக்கமும் கேட்டால் நழுவிவிடுவார்கள். பதிவேட்டில் இருக்கும் தாளைக் கேளுங்கள். ‘இந்தத் தேதியில் நான் கொடுத்த, இந்த எண் கொண்ட மனுவின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கைக் கோப்பின் அனைத்துப் பக்கங்களின் நகல் தருக’ என்று எழுதுங்கள். கோப்பில் மனு எந்த மேசையில் எத்தனை நாள் தூங்கியது என்பது தானே தெரிந்துவிடும். நீங்கள் எதற்காகக் கேட்கிறீர்கள் என்று அவர்கள் கேட்கக் கூடாது. கட்டணம் 10 ரூபாய், நீதிமன்ற வில்லை ஒட்டியும் அனுப்பலாம். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும், உயிர் சம்பந்தப்பட்டது என்றால் 48 மணி நேரம். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே துறையில் முதல் மேல்முறையீடு, பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். காரணமில்லாமல் தாமதித்த அலுவலருக்கு நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

நகல் மட்டுமில்லை, கோப்பை நேரில் போய்ப் பார்க்கவும் கேட்கலாம். உங்கள் தெருவில் போட்ட ரோடு ஒரே மழையில் பெயர்ந்துவிட்டதா? அதன் மதிப்பீட்டையும், அளவுப் புத்தகத்தையும் கேளுங்கள். பொருளின் மாதிரி எடுக்கவும் சட்டத்தில் இடமுண்டு. ராஜஸ்தானில் அருணா ராய் இருந்த மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன், 1990-களில் கூலியாட்களின் வருகைப் பட்டியலை ஊர் நடுவே உரக்கப் படித்துக் காட்டியது. வேலைக்கு வராதவர்கள் பெயரில் கூலி எழுதியிருந்தது அப்படித்தான் வெளிவந்தது. இன்றைய சட்டத்துக்குப் பின்னால் அந்தக் கூலியாட்களின் குரல் இருக்கிறது. தமிழ்நாட்டிலும் 1997-லேயே மாநில அளவில் தகவல் உரிமைச் சட்டம் வந்தது. இந்தியாவிலேயே அது முதலாவது.

பிறருடைய சொந்த விவரங்களைக் கேட்டால் பெரும்பாலும் மறுத்துவிடுவார்கள். பத்திர நகலுக்கும் இந்த வழி வேண்டாம், சார்பதிவாளரிடம் நேராக மனுப் போடுவதே விரைவு.

இணையத்தில் எடுத்த பட்டா செல்லுமா? அதில் கையெழுத்தே இல்லையே?

செல்லும். அதிலுள்ள குறியீட்டையோ குறிப்பு எண்ணையோ கொண்டு உண்மையானதா என்று யாரும் சரிபார்க்கலாம். நிலம் வாங்கும்போது விற்பவர் நீட்டும் தாளை நம்பாமல், உங்கள் கைபேசியிலேயே புதிதாக எடுத்துப் பாருங்கள். கைபேசி பழக்கமில்லாதவர்களுக்கு இ-சேவை மையம் இருக்கிறது.

மனுக் கொடுத்துக் கொடுத்து ஓய்ந்துவிட்டேன். கணக்குப் புத்தகத்தோடு அதிகாரிகள் எதிரே உட்காரும் நாள் எதாவது உண்டா?

உண்டு. சமாபந்தி. பசலி முடியும் தறுவாயில், பெரும்பாலும் மே, ஜூன் மாதங்களில், தாலுகா அலுவலகத்தில் நடக்கும். வருவாய்த் தீர்வாயம் என்றும் சொல்வார்கள். ஒவ்வொரு ஊரின் கணக்கையும் விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்) கொண்டுவந்து வைக்க, மேலதிகாரி தணிக்கை செய்வார். உங்கள் ஊருக்கு எந்த நாள் என்று முன்கூட்டியே அறிவிப்பார்கள். ஏற்கெனவே கொடுத்த மனுக்களின் ஒப்புகைச் சீட்டு, பழைய ‘அ’ பதிவேட்டு நகல், பத்திர நகல் மூன்றையும் ஒரே நூலில் கோத்து, மேலே ஒரு பக்க மனு வைத்து, காலையிலேயே போய்விடுங்கள். மதியத்துக்குமேல் கூட்டம் கட்டுக்கடங்காது.